ஓடுகிற வண்டி

ஞாயிற்றுக்கிழமை காலையில் கதாநாயகி வரவில்லை. டிவி சீரியல் ஒன்றில் அழுவதற்கு அவசரமாக ஆள் தேவையாம், அங்கே போய்விட்டாள்.

டைரக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். இதுவரை ஒரு படமும் எடுக்கவில்லை என்றாலும் தெருவில் எல்லோருக்கும் அவர் டைரக்டர்தான். முதலில் மரியாதையாகக் கூப்பிட்டார்கள், பிறகு கேலியாக. இப்போது பழகிப்போய்விட்டது.

படம் தொடங்காததற்கு அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. பணம் வந்தபோது நாயகன் கிடைக்கவில்லை. நாயகன் கிடைத்தபோது பணம் போட வந்தவர் மகளுக்குக் கல்யாணம் வைத்துவிட்டார். இரண்டும் கூடிவந்தபோது மழை பிடித்துக்கொண்டது. மழை விட்டபோது, குழந்தையாக நடிக்க வேண்டிய பையனுக்கு மீசை முளைத்திருந்தது.

கடைசியாக மரக்கடை முதலாளி ஒருவர் சிக்கினார்.

"நின்னுபோன வண்டியைத் தள்ள என்னால ஆகாது தம்பி. ஓடுற வண்டின்னா சொல்லு, ஏறிக்கிறேன்."

"ஓடிட்டுதான் சார் இருக்கு. ஞாயித்துக்கிழமை எங்க வீட்லயே ஷூட்டிங். வந்து பாருங்க" என்று டைரக்டரின் வாய் சொல்லிவிட்டது.

வாய்க்கென்ன, சொல்லிவிட்டது. கேமரா வேண்டுமே. கல்யாண வீடியோ எடுக்கும் நண்பனிடம் ஓடினார். நல்ல கேமராக்கள் எல்லாம் கல்யாணங்களுக்குப் போயிருந்தன. ரிப்பேருக்கு வந்து கிடந்த ஒன்றைத் தூசி தட்டி எடுத்து வந்தான் நண்பன்.

"இது ஓடுமாடா?"

"ஓடாது. சிவப்பு லைட்டு மட்டும் எரியும்."

"அது போதும். முதலாளிக்கு அதுக்கு மேல என்ன தெரியப் போகுது? ஆனா இவகிட்ட மூச்சு விடாதே. இவளுக்குப் பொய் சொல்ல வராது. முகமே காட்டிக் கொடுத்துடும்."

'இவள்' என்றது மனைவியை. அவளுடைய சம்பளத்தில்தான் வீடு ஓடிக்கொண்டிருந்தது. அந்த வாரம் முழுக்க அவளும் ஒன்று சொல்லப் பார்த்தாள்.

"ஏங்க, ஆபீஸ்ல மாத்தல் போட்டிருக்காங்க. வேற ஊரு. ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிவு பண்ணியாகணும்."

"ஞாயித்துக்கிழமை முடியட்டும்மா. நிதானமா உட்கார்ந்து பேசுவோம்."

இப்போது கதாநாயகியும் இல்லாத நிலையில், நண்பன் சமையலறைப் பக்கம் கண்ணைக் காட்டினான். டைரக்டர் போய் நின்றார்.

"நானா? நடிக்கவா?"

"வசனமே கிடையாது. பொண்டாட்டி பெட்டியோட வர்றா. புருஷனை ஒரு பார்வை பாக்கறா. வாசல்ல ஆட்டோ நிக்குது, ஏறிப் போயிடறா. அவ்வளவுதான்."

"புருஷன் யாரு?"

"ஆள் கிடைக்கல. கேமராவைத்தான் புருஷன்னு நினைச்சுக்கணும்."

"பழக்கம்தான்" என்றாள். பிறகு, "எதுக்காகப் போறா?" என்று கேட்டாள்.

"அது பின்னாடி வரும்."

"அந்த ஆளும் கேட்டுக்கல போலிருக்கு."

ஒத்திகையில் அவள் பெட்டியைப் பூக்கூடை மாதிரி தூக்கி வந்தாள்.

"காலிப் பெட்டின்னு பார்த்தவுடனே தெரியுதேம்மா. தோள் ஒரு பக்கமா இறங்க வேணாமா?"

"அப்ப உள்ளே ஏதாவது போட்டுக்கறேன்" என்று படுக்கையறைக்குப் போனாள். வெகுநேரம் வரவில்லை. இவ்வளவு அக்கறை இருப்பது தெரியாமல் போயிற்றே என்று டைரக்டர் நெகிழ்ந்துபோனார்.

அதற்குள் முதலாளி வந்துவிட்டார். கூடம் சின்னது. நாலு பேர் நின்றால் மூச்சு முட்டும். அதனால் அவருக்கு வாசலில் நாற்காலி போட்டு, ஜன்னல் வழியாகப் பார்க்கச் சொன்னார்கள். கூடம் இருட்டாக இருக்கிறதே என்று முதலாளி குறைப்பட, நண்பன் வெயிலை உள்ளே திருப்பிவிட வெள்ளை அட்டையோடு வெளியே போய் நின்றான்.

"தெருச் சத்தமெல்லாம் சேர்ந்து பதிவாகாதா?" என்றார் முதலாளி.

ஜன்னல் கண்ணாடியை இழுத்து மூட வேண்டியதாயிற்று. மூடி முடிப்பதற்குள் முதலாளி அடுத்ததைக் கேட்டார்.

"நீங்க காதுல எதுவும் மாட்டிக்க மாட்டீங்களா தம்பி? எல்லாரும் மாட்டிக்குவாங்களே?"

டைரக்டர் நண்பனின் பெரிய ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டார். வயரின் நுனியைச் செருக இடமில்லை. சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். மெத்தை வைத்த ஹெட்போன். உலகமே அடங்கிப்போனது.

சிவப்பு விளக்கு எரிந்தது. "ஆக்ஷன்" என்றார். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

அவள் வந்தாள். தோள் அழகாக இறங்கியிருந்தது. பெட்டியை வைத்துவிட்டுக் கேமராவைப் பார்த்தாள். திடீரென்று அவள் வாய் அசையத் தொடங்கியது.

வசனமே இல்லாத காட்சி. 'கட்' சொல்லலாமென்று டைரக்டர் கையைத் தூக்கினார். அதே நேரம் ஜன்னலுக்கு வெளியே முதலாளி நாற்காலியைவிட்டு எழுந்து நின்றுவிட்டார். ஓடுகிற வண்டியை யாராவது நிறுத்துவார்களா? தூக்கிய கையாலேயே 'நடக்கட்டும்' என்று சைகை காட்டினார்.

அவள் பேசிக்கொண்டே போனாள். நடுவில் ஒருமுறை சிரித்தாள். ஒருமுறை புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். கடைசியில் தலையைச் சாய்த்து ஏதோ கேட்பது போல நிறுத்தி, பதிலுக்குக் காத்திருந்தாள். அந்தக் காத்திருப்பில் டைரக்டருக்கு மெய் சிலிர்த்தது. எந்த நடிகைக்கு வரும் இது? கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

அந்தக் கட்டைவிரலையே அவள் சற்றுநேரம் பார்த்தாள். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஆட்டோவில் ஏறினாள்.

முதலாளி உள்ளே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வண்டி ஓடுது தம்பி. நான் ஏறிட்டேன். ஆனா அந்தம்மாவையே போடணும். கண்ணாடி வழியா ஒண்ணும் கேக்கல, இருந்தாலும் உட்கார முடியல, எழுந்து நின்னுட்டேன். என்னதான் பேசினாங்க?"

"அதைப் படத்துல பாருங்க சார்."

இத்தனை வருஷத்தில் முதல் நல்ல செய்தி. அவளிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று டைரக்டர் வாசலுக்கு வந்தார். தெருமுனைவரை போய்த் திரும்பச் சொல்லியிருந்தார். இதோ வந்துவிடுவாள். வந்ததும் அந்த மாற்றல் விஷயத்தையும் கேட்டுவிட வேண்டும். முழுசாக, குறுக்கே பேசாமல். வாரம் முழுக்கக் கேட்டிருக்கலாம்தான்.

டீ ஆறியது. முதலாளி இரண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வெயில் இடம் மாறி, நண்பன் அட்டையைக் கீழே வைத்த பிறகுதான் ஆட்டோ வந்தது. பின் சீட்டில் யாரும் இல்லை.

"எங்கப்பா அவ?"

"ரயில்வே ஸ்டேஷன்ல விட்டுட்டு வரேன் சார். பெட்டி என்ன கனம்! வண்டில ஏத்தறதுக்குள்ள எனக்கு இடுப்பு போச்சு. ரயிலும் கிளம்பிடுச்சு."

டைரக்டர் கழுத்தில் கிடந்த ஹெட்போனைக் கழற்றினார். பைக்குள் இருந்த வயர் நுனி வெளியே வந்து தொங்கியது.

"எங்கிட்ட ஏதாவது சொல்லச் சொன்னாளா?"

"நானும் கேட்டேன் சார்" என்றான் ஆட்டோக்காரன். "'சொல்ல வேண்டியதையெல்லாம் கேமரா முன்னாடி சொல்லிட்டேன், நிதானமா போட்டுப் பார்த்துக்கச் சொல்லு'ன்னாங்க."