சடையப்பன் தினமும் தண்ணீர் குடிக்கிறார்

ஒரு காட்டில் அந்தக் கோடைக்கு ஒரே ஒரு சுனைதான் மிச்சமிருந்தது. மற்ற ஓடைகள் எல்லாம் பங்குனியிலேயே வற்றிவிட்டன. யானைகள் முதலில் வந்தால் மற்றவர்களுக்குச் சேறுதான் மிஞ்சும். காட்டுப்பன்றிகள் முதலில் வந்தால் சேறும் மிஞ்சாது. தினமும் வரிசையில் அடிதடி. எனவே வனசபை கூடி, சுனையைச் சுற்றி முள்வேலி போட்டு, ஒரே ஒரு இரும்பு வாசல் வைத்து, குடும்பத்துக்கு ஒரு ஸ்மார்ட் கார்டு என்று தீர்மானித்தது.

வாசலைப் பார்த்துக்கொள்ளும் வேலை கோதண்டம் என்கிற தேவாங்குக்குக் கிடைத்தது. அவருக்குப் பெரிய கண்கள். எதையும் கூர்ந்து கவனிப்பவர் என்று நம்பித்தான் அவரை நியமித்தார்கள். பகலில் அவருக்குக் கண் கூசும் என்பதை அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

கார்டு கொடுத்த அன்று கோதண்டம் பாறை மேல் ஏறி விளக்கினார். இது வெறும் அட்டை இல்லை, இதற்குள் குன்றிமணி அளவுக்கு ஒரு சிப் இருக்கிறது, அது ஒரு குட்டிக் கணினி என்றார். அதற்கு பேட்டரி கிடையாதாம். வாசல் கம்பத்தில் இருக்கும் கருவிக்குப் பக்கத்தில் கொண்டுபோனால், கருவி அனுப்பும் மின்சாரத்திலேயே அது விழித்துக்கொள்ளுமாம். உடனே கருவி ஒரு கேள்வி கேட்கும். சிப் தனக்குள் இருக்கும் ரகசியத்தை வைத்துக் கணக்குப் போட்டு, விடையை மட்டும் சொல்லும். ரகசியத்தைச் சொல்லாது. ஒவ்வொரு முறையும் கேள்வி மாறும். அதனால் பக்கத்தில் நின்று ஒட்டுக்கேட்டுத் திருப்பிச் சொல்கிறவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது என்று அவர் சொன்னபோது கிளிகள் முகம் திருப்பிக்கொண்டன. இப்போதைக்குத் தண்ணீருக்கு, போகப்போக உப்புத்தரைக்கும், வெள்ளம் வந்தால் மேட்டில் ஏறவும், நாய்க்கடி ஊசிக்கும் இதே கார்டுதான் என்றார். இனி ஒருவர் இன்னொருவராக நடிக்கவே முடியாது என்று முடித்தார்.

உண்மையில் முதல் மாதம் நன்றாகவே போனது. யானைகள் தங்கள் முறை வரும்வரை நின்றன. அணிலுக்குக்கூட அதன் பங்கு கிடைத்தது.

கோதண்டம் குடியிருந்த மரத்துக்கு அடியில் ஒரு வளை. அதில் சடையப்பன் என்கிற முள்ளம்பன்றியும், அவன் மனைவி இருளாயியும், இரண்டு குட்டிகளும் இருந்தார்கள். குடும்பத் தலைவன் என்பதால் கார்டு சடையப்பன் பெயரில். அவன் அதை நார் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தான். தூங்கும்போதும் கழற்ற மாட்டான்.

ஒருநாள் காலை தண்ணீருக்குப் போனவன் திரும்பவில்லை. இருளாயி தேடிக்கொண்டு போனாள். மூங்கில் புதருக்குப் பக்கத்தில் ஏழெட்டு முட்கள் சிதறிக் கிடந்தன. தரையில் ரத்தம். கார்டும் இல்லை, அவனும் இல்லை. என்ன நடந்திருக்கும் என்று காட்டில் பிறந்தவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. முட்களைப் பொறுக்கி எடுத்துக் குழி தோண்டிப் புதைத்தாள். குட்டிகளுக்குக் கேட்காத தூரத்தில் உட்கார்ந்து அழுதாள்.

மூன்றாம் நாள் குட்டிகளின் நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டது. அவள் வாசலுக்குப் போனாள். மரத்தடியில் பார்த்தால் கோதண்டத்தை அண்ணே என்பாள். வாசலை ஒட்டிய அறையின் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்திருந்ததால் சார் என்றாள். புருஷன் இறந்துவிட்டதைச் சொல்லி, கார்டைத் தன் பெயருக்கு மாற்றித் தரச் சொன்னாள்.

கோதண்டம் எதிரே இருந்த கணினித் திரையில் தேடிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "சடையப்பன் சாகலியேம்மா. இன்னைக்குக் காலைல ஆறு பத்துக்கு வந்து தண்ணி குடிச்சிருக்காரு."

இருளாயி மறுபடியும் பார்க்கச் சொன்னாள். நேற்று ஆறு பன்னிரண்டு, முந்தாநாள் ஆறு ஐந்து என்று அவர் வாசித்தார். உயிரோடு இருப்பவருக்கு இறப்புப் பதிவு செய்ய முடியாது. கார்டு தினமும் புழக்கத்தில் இருப்பதால் மாற்றுக் கார்டும் தர முடியாது என்று விளக்கினார். அவள் அதையெல்லாம் காதில் வாங்கவே இல்லை. அந்த மூன்று நேரங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள்.

வழியில் கோபம் வந்தது. உயிரோடு இருந்துகொண்டு வீட்டுக்கு வராமல் எந்த வளையில் படுத்துக் கிடக்கிறான்? எவளாவது இருக்கிறாளா? பாதி வழி வருவதற்குள் அப்படி எவளாவது இருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. குட்டிகளிடம் அப்பா இருக்கிறார் என்றாள். குட்டிகள் பாறையில் படிந்திருந்த ஈரத்தை நக்கிக்கொண்டே தலையாட்டின.

மறுநாள் ஆறு மணிக்கு முன்பே வாசலுக்குப் பக்கத்துப் பாறையின் பின்னால் போய் நின்றாள். கலைந்திருந்த முட்களை ஒழுங்காகப் படியவிட்டுக்கொண்டாள்.

ஆறு எட்டுக்கு ஒரு சிறுத்தை வந்தது. யாரையும் பார்க்காமல் நேராகக் கம்பத்துக்குப் போய், வயிற்றை அதன்மேல் அழுத்தி நின்றது. பச்சை விளக்கு எரிந்தது.

"வணக்கம், சடையப்பன்" என்றது வாசல்.

சிறுத்தை தண்ணீரில் குனிந்தபோது அதன் தாடைக்கு அடியில் ஒரு முள் குத்தி நிற்பது தெரிந்தது. கறுப்பும் வெள்ளையுமாக, நுனியில் சிறிது வளைந்த முள். அது யாருடைய முள் என்று அவளுக்குத் தெரியும். பத்து வருஷம் அந்த முட்களுக்குப் பக்கத்தில்தான் படுத்திருக்கிறாள்.

அவளுக்கு அழுகை வரவில்லை. ஒருமுறை அழுது முடித்த சாவுக்கு மறுபடி முதலிலிருந்து அழ வேண்டியிருந்தது. அதற்கு உடம்பில் தண்ணீர் இல்லை.

ஜன்னலுக்குப் போய்க் கோதண்டத்திடம் சொன்னாள். அங்கே குடிப்பது சிறுத்தை. அது என் புருஷனைத் தின்றிருக்கிறது. கார்டு அதன் வயிற்றில் இருக்கிறது. கோதண்டம் கண்ணை இடுக்கிக்கொண்டு சுனைப் பக்கம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"எனக்குத் தெரியுது தங்கச்சி. சடையப்பனை எனக்குத் தெரியாதா? ஆனா நான் அடையாளம் காணுறது செல்லாது. கருவி அடையாளம் காணணும். கருவி கேட்ட கேள்விக்கு அவர் சரியா பதில் சொல்லிட்டாரு."

கார்டை ரத்து செய்ய என்ன வழி என்று கேட்டாள். சடையப்பனே கார்டோடு நேரில் வந்து எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார். எந்தச் சடையப்பன் என்று கேட்டாள். கோதண்டம் சங்கடத்தோடு சுனைப் பக்கம் பார்த்தார். படத்தில் இருக்கும் முகத்துக்கும் இந்த முகத்துக்கும் வித்தியாசம் இருப்பது உண்மைதான், அவர் விருப்பப்பட்டால் படத்தை மாற்றிக்கொள்ள மனுக் கொடுக்கலாம் என்றும் சேர்த்துக்கொண்டார்.

அந்த நேரத்தில் சுனையருகே உறுமல் கேட்டது. சிறுத்தைக்கும் கருவிக்கும் தகராறு. கார்டை வெறுமனே காட்டினால் ஐந்து வாய் தண்ணீர்தான். முழுக் குடும்பத்துக்கான பங்கு, ஒரு தொட்டி நிறைய, வேண்டுமென்றால் நான்கு இலக்க ரகசிய எண்ணை அழுத்த வேண்டும். ஐந்து வாய் சிறுத்தைக்கு மீசை நனையத்தான் போதும். நேற்றுப் போலவே இன்றும் அது ஏதோ நான்கு எண்களை அழுத்தியது. சிவப்பு விளக்கு எரிந்தது.

"இரண்டு முறை தவறு" என்றது கருவி. "மூன்றாவது முறையும் தவறினால் கார்டு தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும்."

சிறுத்தை பாதத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டது.

இருளாயி யோசித்தாள். சடையப்பனுக்கு எண் எதுவும் மனதில் நிற்காது. அவன் வாசலுக்குக் கிளம்பும்போதெல்லாம் அவள்தான் காதில் சொல்லி அனுப்புவாள். ஜன்னலை விட்டு நகர்ந்து சிறுத்தையின் முன்னால் போய் நின்றாள். முதுகு முழுக்க முட்கள் விறைத்து நின்றன.

"அந்த நம்பர் எனக்குத் தெரியும்" என்றாள்.

சிறுத்தை அவளையும் அவள் முட்களையும் மாறி மாறிப் பார்த்தது. தாடையில் இருந்த முள்ளை மறைப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. தானும் முறைப்படி விண்ணப்பித்ததாகச் சொன்னது. அக்கம்பக்கத்தார் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டுமாம். தன்னைப் பார்த்ததும் அக்கம்பக்கம் ஓடிவிட்டதாம். ஒன்பது நாள் தாகம். அந்த முள்ளம்பன்றியைப் பிடித்தபோது கழுத்தில் என்ன இருந்தது என்றே கவனிக்கவில்லை; மறுநாள் வேலியோரம் நடந்து கம்பத்தை உரசியபோது வாசல் தானாகத் திறந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டதாம்.

"உன் கதையக் கேக்க நான் வரல" என்றாள் இருளாயி. "பாதித் தொட்டி எனக்கு. பாதி உனக்கு. வாசலத் தாண்டினா பத்தடி தள்ளித்தான் நடக்கணும்."

சிறுத்தை ஒப்புக்கொண்டு, வயிற்றைக் கம்பத்தில் வைத்தது. எண்ணை மறைத்து அழுத்தவும் என்று அங்கே ஒரு பலகை தொங்கியது. இருளாயி முட்களை விசிறியாக விரித்து, அந்த மறைவுக்குள் நான்கு பொத்தான்களை அழுத்தினாள். சடையப்பன் குடும்பத்தாருக்கு வணக்கம் என்று சொல்லி வாசல் தொட்டியை நிரப்பியது. அன்றைக்குக் குட்டிகள் வயிறு உப்பும்வரை குடித்தன.

அதன்பிறகு தினமும் காலையில் நால்வரும் சேர்ந்தே வந்தார்கள். புகார் எதுவும் இல்லாமல் ஒற்றுமையாக வந்துபோகும் குடும்பம் என்று கோதண்டம் சபைக்கு அறிக்கை அனுப்பினார். சபை சிறுத்தையையும், முள்ளம்பன்றியையும், இரண்டு குட்டிகளையும் வாசல் முன்னால் நிறுத்திப் படம் எடுத்து, திட்டத்தின் பயனாளிகள் என்று ஆலமரத்தில் மாட்டியது.

வாசல் அந்தப் பெயரைச் சொல்லும்போது முதலில் இருளாயிக்கு நெஞ்சு எரிந்தது. பிறகு அதைக் கேட்கவே சீக்கிரம் கிளம்பினாள். காட்டில் வேறு யாரும் சடையப்பன் என்று சொல்வதை நிறுத்திவிட்டார்கள். பெயரைக் கேட்ட பிறகு சிறிது நேரம் நின்றுதான் பொத்தானைத் தொடுவாள். சிறுத்தை அவசரப்படுத்துவதில்லை.

வைகாசி நடுவில் ஒருநாள், தொட்டி நிரம்பிக்கொண்டிருந்தபோது, சிறுத்தை கனிவாகப் பேச ஆரம்பித்தது. இந்த வெயிலில் தினமும் நடப்பது உடம்புக்கு ஆகாது. உனக்கு ஒரு காய்ச்சல் வந்தால் குட்டிகள் தவித்துப்போகும். அந்த எண்ணை என்னிடம் சொல்லிவைத்தால் உன் பங்கை நானே வளைக்குக் கொண்டுவந்து தந்துவிடுவேன் என்றது. குரலில் அக்கறை இருந்தது. கண் மட்டும் முள் இல்லாத அவள் கழுத்தில் இருந்தது.

இருளாயி தொட்டியைப் பார்த்தபடி பதில் சொன்னாள்.

"சொல்லலாம்னுதான் பாக்குறேன். ஆனா வீட்ல இருக்கும்போது எனக்கே நெனவு வரமாட்டேங்குது. இங்க வந்து நின்னு அவர் பேரக் கேட்டாத்தான் வருது. அழுத்தி முடிச்சா மறந்துபோகுது."

சிறுத்தை தன் பாதியைக் குடித்து முடிக்கும்வரை இதை யோசித்தது. பிறகு உடம்பைப் பார்த்துக்கொள் என்று மட்டும் சொன்னது. மறுநாளிலிருந்து அவள் வரும் பாதையில் கிடந்த கல்லையும் முள்ளையும் அது ஒதுக்கிப்போட்டது. வளைப் பக்கம் மோப்பம் பிடித்து வந்த செந்நாய்களை இரண்டு முறை விரட்டியடித்தது. குட்டிகளில் ஒன்று வயிற்றுப்போக்கில் படுத்தபோது மூன்று தடவை வந்து விசாரித்தது. அந்தக் கோடை முழுக்கக் காட்டில் இருளாயி அளவுக்குப் பத்திரமாக இருந்தவர்கள் யாரும் இல்லை.

ஆடிக்கு முன்பே முதல் மழை கொட்டியது. அன்று மாலையே இருளாயி குட்டிகளைக் கூட்டிக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். மறுநாள் காலை எல்லா ஓடைகளும் புரண்டு ஓடின. ஆனாலும் ஆறு பத்துக்குச் சிறுத்தை வாசலுக்கு வந்து, பாதையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் மழையில் நின்றதாகக் கோதண்டம் சொன்னார்.

நீதி: புருஷனைத் தின்றவனோடுகூடக் குடும்பம் நடத்திவிடலாம், ரகசிய எண்ணை மட்டும் அவனிடம் சொல்லிவிடக் கூடாது.