ஏழுகம்பி அண்ணாச்சியின் பித்தளை மீன்

திருநெல்வேலிச் சீமையில் அந்தக் காலத்தில் மழைக்கு நனையாமல் வீடு போய்ச் சேர்ந்த ஒருவரையும் ஏழுகம்பி அண்ணாச்சிக்குத் தெரிந்திருக்காது. அவரைத் தெரிந்த எல்லாரும் நனைந்தவர்கள்.

பேட்டையில் குடை பழுதுபார்ப்பது அவர் தொழில். எட்டுக் கம்பியோடு உள்ளே போகும் குடை ஏழு கம்பியோடு வெளியே வரும். அதனால் அந்தப் பெயர். பாளையங்கோட்டை வாத்தியார் ஒருவர் தெரியாத்தனமாக மூன்று தடவை வந்துவிட்டார். கடைசியில் அவர் குடை, ஒரு பக்கம் இறக்கை ஒடிந்த வௌவாலைப் போல ஆயிற்று. வாத்தியார் வேதம் படித்தவர் என்பதால் வையவில்லை. குடையை விரித்து நீட்டினார். அண்ணாச்சி அதை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டு, "மழை எப்பவும் ஒரு பக்கமாத்தான வே அடிக்கி? அந்தப் பக்கம் நல்லாத்தான இருக்கு" என்றார்.

நான் நாலாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டவன். தூத்துக்குடியில் கொஞ்ச நாள், கொழும்பில் கொஞ்ச நாள் என்று அலைந்துவிட்டு, இருபத்திரண்டாவது வயதில் பேட்டையில் ஓர் எண்ணெய்ச் செக்கடியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். பகலில் ஒருவேளை கஞ்சி கிடைக்கும். படுக்கத்தான் இடமில்லை. அண்ணாச்சி தம் கடையில் குடைகளுக்கு நடுவே கால் நீட்ட இடம் கொடுத்தார். கூரை ஒழுகும். முப்பது குடையைச் சுற்றிலும் வைத்துக்கொண்டு நனைந்தபடி தூங்கியவன் இந்தப் பூமியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

காணாமற்போன கம்பிகள் எல்லாம் ஆற்றுக்குப் போயின. ஒரு வெள்ளைக்காரத் துரை தாமிரபரணியில் பித்தளையால் செய்த மீனைக் கயிற்றில் கட்டி விட்டு, கை நீளக் கெண்டை ஒன்றை இழுத்ததை அண்ணாச்சி பார்த்துவிட்டார். புழு இல்லை, மாவு உருண்டை இல்லை. வெறும் தகடு, ஒரு கம்பி, ஒரு தூண்டில் முள். அன்றைக்கே அவருக்குப் பித்துப் பிடித்தது. பித்தளைச் செம்பு ஒன்றை வெட்டித் தகடு ஆக்கினார். குடைக்கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, சாம்பலில் பைய ஆறவிட்டு இளக்கினார். அதில் தகட்டைக் கோத்து, இரண்டு நுனியிலும் கண் என்கிற சின்ன வளையம் வளைத்து, ஒன்றில் முள்ளையும் மற்றதில் கயிற்றையும் மாட்டினார்.

அந்தக் கண்தான் வினை. குறட்டால் வளைத்தால் கண் கம்பிக்கு நேரே நிற்காமல் ஒரு பக்கம் ஒதுங்கிக்கொள்ளும். கண் ஒதுங்கினால் மீன் நீந்தாது. வாய்க்காலில் செத்து மிதப்பதைப் போல ஒருக்களித்துக்கொண்டு வரும். முதல் மீன் ஆற்றுக்குப் போகாமல் அவர் காதிலேயே மாட்டியது. இரண்டாவது, குளித்துக்கொண்டிருந்த ஒரு வக்கீல் குமாஸ்தாவின் வேட்டியோடு திரும்பி வந்தது. மூன்றாவது ஓர் எருமையின் வாலைப் பிடித்தது. கயிற்றை விட மனமில்லாமல் அண்ணாச்சி அரை பர்லாங்கு தூரம் எருமைக்குப் பின்னால் போனார்.

கை சரியில்லை, கருவி வேண்டும் என்று முடிவு செய்தார். கம்பியைச் செருகிப் பிடியைச் சுற்றினால் கண் தானாக விழவேண்டும். அதற்குப் பலகை வேண்டுமே? வீட்டில் அரிவாள்மனை இருந்தது. கத்தியைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பலகையை எடுத்துக்கொண்டார். சுற்றுவதற்குப் பிடி திருகையிலிருந்து வந்தது. அச்சுக்குக் கதவின் கீலாணி. அதைப் பிடுங்கும்போது கதவு அவர் தலையில்தான் விழுந்தது. அதைப் பொருட்படுத்தவில்லை.

அண்ணாச்சியின் பெண்சாதி, எனக்கு மதினி, கத்தரிக்காய் நறுக்க உட்கார்ந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. நல்ல பொறுமைசாலி. குடை கெட்டு வந்தவர்களுக்கெல்லாம் வாசலில் பதில் சொன்னவள். அன்றைக்குச் சேலைகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்து கடை முன்னால் நின்றாள்.

"அரிவாமனையில கத்தி நிக்கல, திருகையில பிடி நிக்கல, வீட்டுல கதவு நிக்கல. நான் மட்டும் எதுக்கு நிக்கணும்?"

சேரன்மகாதேவியில் அம்மா வீடு. ரயிலேறிப் போய்விட்டாள். போகும்போது, அந்தக் கருவியில் செய்த மீனைக் கொண்டு ஒரே ஒரு நிஜ மீனைப் பிடித்துக் காட்டினால் திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அண்ணாச்சி அதிகம் யோசிக்கவில்லை. மறுநாளே சந்தையில் ஒரு விராலை வாங்கி, வாயில் பித்தளை மீனை மாட்டிக்கொண்டு சேரன்மகாதேவிக்குப் போனார். மதினி அதைத் தொடக்கூட இல்லை. ஒரு தடவை மோந்து பார்த்தாளாம். "சேறு மணக்கு. இது குளத்து மீனுலா" என்று சொல்லி வாசலோடு அனுப்பிவிட்டாள்.

அதன்பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. சமைக்க ஆளும் இல்லை, அது வேறு. என் கஞ்சியில் பாதியை அவருக்குக் கொடுத்தேன். இரண்டு பேரும் அரைப்பட்டினி கிடந்தோம். அவர் கருவிப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு பிடியைச் சுற்றுவார், கண்ணைப் பார்ப்பார், எறிவார். கடை முழுக்கக் கோணல் கண்கள்.

ஒருநாள் எங்கள் முடுக்குச் சந்துக்குள் ஒரு நெல் வண்டி திரும்பியது. வலப்பக்கம் திரும்பவேண்டிய வண்டியை, வண்டிக்காரன் முதலில் இடப்பக்கம் ஒடித்தான். பிறகுதான் வலப்பக்கம் வளைத்தான். வண்டி சுவரில் உரசாமல் முடுக்கின் நட்டநடுவே நுழைந்தது. அண்ணாச்சி எழுந்து நின்று பார்த்தார். அந்த வண்டிக்காரனைக் கையெடுத்துக் கும்பிட்டார். அவன் கிறுக்கன் என்று நினைத்து மாட்டை விரட்டினான்.

பலகையில் இன்னொரு ஆணி ஏறியது. கம்பியை முதலில் எதிர்ப்பக்கம் கொஞ்சம் மடக்கிவிட்டு, அதன்பிறகு பிடியைச் சுற்றினார். கண் கம்பிக்கு நேரே, நடு நெற்றிப் பொட்டைப் போல உட்கார்ந்தது.

விடிந்ததும் இருவரும் ஆற்றுக்குப் போனோம். ஒரு பிள்ளையார் கோயில் படித்துறைக்கு எதிர்க்கரை. படித்துறை மீன்கள் சாமிக்குச் சொந்தம். ஊர் அவற்றுக்குப் பொரி போடும், பிடிக்காது. அது அண்ணாச்சிக்கும் தெரியும். படித்துறையை விட்டுத் தள்ளித்தான் வீசினார். ஆனால் பித்தளை மீன் இப்போது ஒழுங்காக நீந்தக் கற்றுக்கொண்டுவிட்டது. பளபளவென்று ஒழுக்கில் சுழன்றுகொண்டு நேரே படித்துறைக்குப் போயிற்று. பொரி தின்று கொழுத்த கெண்டை ஒன்று அதைக் கவ்விற்று.

இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, கயிற்றைச் சுருட்டிக்கொண்டே போய், அக்கரையில் அதை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தார். அதற்குள் குளித்துக்கொண்டிருந்த ஊரே சுற்றி நின்று ஏசியது. நனைந்த தலையோடு பூசாரி இறங்கி வந்தார்.

"வே, சாமி மீனை விடும்."

"நான் விட்டது அங்கன. இதுதான் இங்கன வந்து கடிச்சிது" என்றார் அண்ணாச்சி.

"எது கடிச்சா என்ன, கயிறு உம்ம கையிலலா இருக்கு?"

அண்ணாச்சி மீனைப் பார்த்தார். வாயோரம் பித்தளை மின்னியது. அவர் பெண்சாதி கேட்டது அப்படியே அவர் கையில் இருந்தது. அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"சாமி, ஒரு தவலைத் தண்ணியில போட்டுச் சேரன்மாதேவி வரைக்கும் கொண்டுபோயி ஒரே ஒரு ஆளுக்குக் காட்டிட்டு, சாயந்திர ரயில்ல திருப்பிக் கொண்டாந்து விட்டுருதேன்."

படித்துறை சிரித்து அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவர் சிரிக்கவில்லை. முள்ளை வலிக்காமல் கழற்றி, மீனைத் தண்ணீருக்குள் பிடித்து, அது வாலை ஆட்டும்வரை காத்திருந்து, விட்டுவிட்டார். தேங்காய் உடைத்துத் தோப்புக்கரணம் போடச் சொன்னார்கள். போட்டார். 

சாமி மீனைப் பிடித்த பாவியின் கதை, சேரன்மகாதேவிக்கு ரயிலேறிப் போய்விட்டது. மூன்றாம் நாள் காலையில் மதினி கடை வாசலில் வந்து நின்றாள். கையில் ஓர் அரிவாள்மனை. அதைக் கண்டதும் அண்ணாச்சி குடைகளுக்குப் பின்னால் போய்விட்டார்.

"சேரன்மாதேவி ஸ்டேஷன்ல இருந்து இங்கன வரைக்கும் ஏசாத ஆளு இல்ல. எனக்குத் தலைநிமுந்து நடக்க முடியல" என்றாள்.

குடைகளுக்குப் பின்னாலிருந்து, "மீனை விட்டுட்டேன்" என்று சத்தம் வந்தது. "காட்ட ஒண்ணும் இல்ல."

"எனக்கு எதுக்குக் காட்டணும்? சந்தையில வாங்குன மீனுக்கு ஊரு இப்படி ஏசாதுலா."

சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தாள். அரிவாள்மனை புதிது. அன்று மத்தியானம் எனக்கும் இலை போட்டாள். கத்தரிக்காய்க் குழம்பு.

அடுத்த மாதம் நான் வேலை தேடி மதுரைப் பக்கம் கிளம்பினேன். கட்டிக் கொடுக்க அண்ணாச்சியிடம் ஒன்றும் இல்லை. கருவியில் ஒரு கம்பியைச் செருகிப் பிடியைச் சுற்றி, ஒரு கொக்கி செய்து நீட்டினார். "போற இடத்துல சட்டையைக் கீழ போடாதேயும்" என்றார். எந்தக் குடையின் கம்பி என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊரில், எத்தனையோ சுவரில் அதை மாட்டிவிட்டேன். சட்டைகள் கிழிந்து போயின. கண் இன்னும் நடுவில்தான் இருக்கிறது.