திறப்பு விழா கண்ட மொழி

ஒருகூரை நாடு என்று ஒரு நாடு இருந்தது. பேருக்கு ஏற்றபடி நாடு மொத்தமும் ஒரே மாளிகைக்குள் அடங்கியிருந்தது. மேல்தளத்தில் அரசர், நடுத்தளங்களில் குடிகள், கடலை ஒட்டிய கீழ்த்தளத்தில் மீன் சந்தை. குளிரை ஒரு துறை பார்த்தது, கதவுகளை ஒரு துறை, விளக்குகளை ஒரு துறை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சீழ்க்கை மொழி. குளிர்த்துறை ஆட்கள் தொண்டை வறளச் சீழ்க்கை அடித்தாலும் கதவுத்துறைக்கு அது வெறும் காற்றுச் சத்தம். அந்தந்த மொழி அந்தந்தத் துறையின் பரம்பரைச் சொத்து. வெளியாள் கற்றால் கசையடி.

இதில் அடிபட்டது அங்கயற்கண்ணியின் பிழைப்பு. சந்தைக்குத் தலைவி அவள். படகு எப்போது கரை சேரும் என்பது கடலுக்குத்தான் தெரியும். குளிர்த்துறையோ அரசரின் பாட்டனார் குறித்துக் கொடுத்த வேளையில்தான் குளிரைத் திறந்துவிடும். மீன் குவிந்து கிடக்கையில் மண்டபம் அடுப்படியாய்க் கொதிக்கும். மீன் இல்லாத வேளையில் வெறுந்தரைக்குக் குளிர் கொட்டோ கொட்டென்று கொட்டும். சந்தை நாறியது. நாற்றம் மேல்தளம் வரை ஏறியதும் ஆணை இறங்கியது: இன்னொரு முறை நாறினால் சந்தை இழுத்து மூடப்படும்.

கண்ணி, துறைகளின் அமைச்சர் மாண்புமிகு பேரின்பநாதரிடம் ஓடினாள்.

“குளிர்க்காரனுங்க சுத்த சோம்பேறிங்கம்மா,” என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. “நான் ஒருத்தன் என்ன செய்ய முடியும்?”

ஆனாலும் அமைச்சர் சும்மா இருந்துவிடவில்லை. துறைகளுக்கு நடுவே மொழிபெயர்ப்புத் துறை என்று புதிதாக ஒன்றை அமைத்தார். அது முதல் வேலையாகத் தனக்கென்று ஒரு மொழியைச் செய்துகொண்டது. படகு வந்த சேதி அதன் வழியே நுழைந்து, வளைந்து, குளிர்த்துறையை எட்டியபோது அந்த மீனைப் பூனைகூடச் சீந்தவில்லை. சந்தைப் பெண்கள் பாதிப்பேர் கூடையைக் கவிழ்த்துவிட்டு வீட்டோடு இருந்துவிட்டார்கள்.

கண்ணி நேரே அரசவைக்குப் போனாள். “எல்லாருக்கும் பொதுவா, திறந்த மொழி ஒண்ணு வேணும் சாமி! யாரு வேணும்னாலும் கத்துக்கலாம், யாருக்கும் சொந்தமில்லன்னு இருக்கணும்,” என்றாள்.

அரசர் தலையசைத்தார். புலவர்கள் உட்கார்ந்து நல்ல மொழியாகவே ஒன்றைச் செய்தார்கள். சிக்கல் அதற்குப் பிறகுதான். அந்த நாட்டு அதிகாரிகளுக்குத் ‘திற’ என்றால் ஒரே பொருள்தான் தெரியும். பந்தல் எழுந்தது, வாழைமரம் கட்டினார்கள், மேளம் கொட்டியது. பேரின்பநாதர் நாடாவை வெட்டி மொழியைத் திறந்து வைத்தார். மாடிப்படி ஓரத்தில் ஆளுயரக் கல்வெட்டு: உச்சியில் பெரிய எழுத்தில் அவர் பெயர், இடம் மிஞ்சியதால் கீழே மொழி முழுவதும்.

மறுநாள் ஆணை வந்தது. ‘திறந்த மொழி மாண்புமிகு அமைச்சரின் பொற்கரங்களால் திறந்து வைக்கப்பட்டுவிட்டபடியால், இனி குடிகள் எவரும் அதைப் பேசித் தேய்க்கலாகாது.’

கல்வெட்டை மூட மறந்துவிட்டார்கள். படியேறுகிறவன் கண்ணை யார் கட்ட முடியும்? கண்ணி கூடையோடு போகையில் ஒரு வரி படித்தாள், வருகையில் ஒரு வரி. குளிர்த்துறை ஆட்கள் படித்தார்கள். கதவுத்துறை ஆட்கள் பாக்குப் போடும் சாக்கில் நின்று படித்தார்கள்.

ஒரு நாள் கண்ணி படகுத்துறையில் நின்று, படகு வருகிறது என்று புதுமொழியில் சீழ்க்கை அடித்தாள். வலையை இறக்குவதற்குள் மண்டபத்தில் குளிர் விழுந்தது. குளிர் விழுந்ததும் கதவு தானே சாத்திக்கொண்டது; இரண்டு துறை ஆட்களும் அப்படிப் பேசிவைத்திருந்தார்கள். மறுநாளும் மீன் கடலில் இருந்தமாதிரியே கிடந்தது. கண்ணி அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து அழுதேவிட்டாள்.

சந்தை நாறவில்லை என்ற புகார் அமைச்சருக்குப் போனது. சந்தையை இழுத்து மூட அரக்கும் முத்திரையுமாக இறங்கி வந்தார்.

“நாறாதது ஒன்றே போதும், சட்டமீறல் நடந்திருக்கிறது என்பதற்கு!” என்று முழங்கிக்கொண்டே மண்டபத்துக்குள் நுழைந்தார். கண்ணியும் பின்னாலேயே போனாள்.

அந்த நேரம் பார்த்துப் படகு வந்தது. படகுத்துறையில் யாரோ புதுமொழியில் சீழ்க்கை அடித்தார்கள். குளிர் விழுந்தது, கதவு சாத்திக்கொண்டது.

பேரின்பநாதர் கதவுத்துறையின் பரம்பரை மொழியில் கம்பீரமாகச் சீழ்க்கை அடித்தார். கதவு அசையவில்லை. இன்னொரு முறை அடித்தார். குளிரில் உதடு நடுங்கியதில் காற்றுதான் வந்தது.

“அந்த சீட்டிய இப்ப யாரும் காதுல போட்டுக்கறதில்லீங்க,” என்றாள் கண்ணி. “நீங்க திறந்து வெச்சீங்களே, அந்த மொழியில அடிங்க.”

“நான் திறந்துதாம்மா வெச்சேன்,” என்றார் அமைச்சர், பல் கிட்டிக்க. “படிக்கல.”

கண்ணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு, உதட்டைக் குவித்து அடித்தாள். வெளியிலிருந்து பதில் வந்தது. அதற்கு நடுத்தளத்திலிருந்து ஒரு பதில், அதற்கும் மேலிருந்து இன்னொன்று. மாளிகை முழுக்கச் சீழ்க்கை பரவியது.

“என்னம்மா பேசிக்கறாங்க இவ்வளவு நேரம்?”

“கதவத் திறக்கத்தாங்க போறாங்க. குளிர்க்காரங்க சோம்பேறின்னு எங்ககிட்ட சொன்னீங்கல்ல? மீன்காரிங்க திருடிங்கன்னு அவங்ககிட்ட சொல்லியிருக்கீங்க. கதவுக்காரங்ககிட்ட ரெண்டு பேரப் பத்தியும் சொல்லியிருக்கீங்க. யார்கிட்ட என்னென்ன சொன்னீங்கன்னு எல்லாரும் கேட்டுக்கறாங்க.”

சீழ்க்கை நின்றது. படிகளில் கூட்டமாகக் காலடிச் சத்தம் இறங்கி வந்தது.

கதவு திறந்தது. அமைச்சர் வெளியே வர அவசரப்படவில்லை.