செல்வியை வேவு பார்க்கப் போனேன்

சந்தேகப்படுகிறவர்களுக்கு லீவே கிடையாது. கொரோனாவின்போது ஊரே வீட்டுக்குள் முடங்கிக் கிடக்க, நான் மட்டும் ஓவர்டைம் போட்டுச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது வேங்கிக்காலில் ஒரு கால் சென்டரில் நான் டீம் லீடர். வாங்கிய மிக்ஸி ஓடவில்லை என்று திட்டுகிறவர்களுக்கு ஃபோனில் பதில் சொல்வதுதான் வேலை. எனக்குக் கீழே பதினோரு பேர். ஊரடங்கு வந்ததும் எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை பார்த்தோம். மூன்றே வாரத்தில் நாலு பேர் ராஜினாமா. நாலு கடிதத்திலும் ஒரே வரி, "சொந்தக் காரணங்களுக்காக." (நாலு பேருக்கும் எப்படி ஒரே சொந்தம்?)

சென்னையிலிருந்து மேனேஜர் கூப்பிட்டார். "இன்னும் ஒருத்தர் போனா உங்க டீமையே எடுத்துடுவாங்க மேடம். ஏன் போறாங்கனு பாருங்க."

பார்க்க என்ன இருக்கிறது? பஸ் ஸ்டாண்ட் பக்கம் புதிதாக ஒரு கால் சென்டர் வருவதாகப் பேச்சு. அவர்கள்தான் ஆள் பிடிக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். ஆதாரமும் சிக்கியது. கடைசியாக வேலையை விட்ட செல்வி, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் புது நாற்காலி ஒன்றின் படம் போட்டிருந்தாள். வேலை இல்லாதவளுக்கு எதற்குப் புது நாற்காலி? வீட்டுக்காரரிடம் காட்டினேன்.

"உக்கார்றதுக்கா இருக்கும்" என்றார்.

அன்றிலிருந்து அவர் மேலும் ஒரு கண் வைத்தேன்.

மறுநாள் காலை, காய்கறி வாங்க வெளியே விடும் நேரத்தில், ஸ்கூட்டியைச் செல்வி இருக்கும் அடி அண்ணாமலைக்கு விட்டேன். அடையாளம் தெரியக் கூடாதென்று ரெண்டு மாஸ்க், அதன்மேல் பிளாஸ்டிக் ஷீல்டு, கையில் கிளவுஸ். யாராவது கேட்டால் சமாளிக்க, ஆபீஸ் வாசலில் நெற்றிக்கு நேராகக் காட்டுகிற ஜுர மெஷினையும் எடுத்துக்கொண்டேன்.

செல்வி வீட்டு ஜன்னலில் தலையை நீட்டியதுதான் தாமதம், பின்னால் ஒரு அம்மா கத்தினார். "ஏய், ஜுரம் பாக்க வந்துட்டாங்க!"

ஐந்தே நிமிஷத்தில் தெருவே வரிசையில் நின்றது. இல்லை என்று சொல்லலாம்தான். 'அப்போ ஜன்னல்ல இன்னா பாத்தீங்க?' என்று கேட்டால்? பேசாமல் முதல் நெற்றியில் மெஷினைக் காட்டினேன்.

"எவ்ளோங்க?"

"தொண்ணூத்தேழு."

"ஜாஸ்தியா, கம்மியா?"

எனக்கே தெரியவில்லை. "பரவால்ல" என்றேன். ஒரு பெரியவர், "பேரு எழுதிக்கலியா?" என்று சந்தேகமாகப் பார்த்தார். (என்னையே சந்தேகப்படுகிறாராம்!)

ஆறாவது நெற்றி செல்வியுடையது.

"மேடம், நீங்களா? 'தொண்ணூத்தேழு'னு சொன்னப்பவே தெரிஞ்சிடுச்சு. மீட்டிங்ல திட்ற அதே குரல்."

"எந்த கம்பெனில சேர்ந்திருக்க? உண்மைய சொல்லு" என்றேன், மெஷினை இறக்காமலே.

அவள் கதவைத் திறந்துவிட்டாள். உள்ளே ஒரே ஒரு ரூம். அந்தப் புது நாற்காலியில் அவள் மாமியார் துவண்டுபோய் உட்கார்ந்திருந்தார்.

"அத்தைக்கு கொரோனா வந்து இப்பதான் எழுந்து உக்கார்றாங்க மேடம். காலைலருந்து சாயங்காலம் வரைக்கும் லேப்டாப் கேமராவ மூடக்கூடாதுனு சொல்லிட்டீங்க. அத்தன பேர் பாக்கறப்போ இவங்களுக்கு எப்டி துணி மாத்துவேன்? ரெண்டு நிமிஷம் மூடினேன். 'எங்க போன, யார்கிட்ட பேசின'னு உடனே போன் பண்ணீங்க. அன்னிக்கே எழுதிக் குடுத்துட்டேன்."

"மத்தவங்க?"

"அவங்களுக்கும் வீடுனு ஒண்ணு இருக்கு இல்ல மேடம்."

கேமரா சட்டம் கம்பெனி போட்டதில்லை. நானே போட்டது. ஷீல்டுக்குள் மூச்சு ஆவியாகப் படர்ந்து எதிரே ஒன்றும் தெரியவில்லை. அதுவும் நல்லதாகப் போயிற்று, என் முகமும் அவளுக்குத் தெரிந்திருக்காது.

அவள் மாமியார் மெதுவாகக் கையை ஆட்டினார். "எனக்கும் பாத்துட்டுப் போம்மா."

பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

சாயங்காலம் மேனேஜரிடம், "என்னாலதான் போறாங்க சார்" என்றேன். அதற்கப்புறம் கேமரா சட்டத்தை எடுத்துவிட்டோம். செல்வியும் இன்னும் ரெண்டு பேரும் திரும்பி வந்தார்கள். நாலாவது ஆள் வரவில்லை. (அவர் விஷயத்தில் எனக்கு இன்னமும் சந்தேகம் உண்டு.)

இப்போதும் பௌர்ணமிக்குக் கிரிவலம் போனால், அடி அண்ணாமலையில் டீக்கடைக்காரர் "ஜுர மேடம்!" என்று கூப்பிடுகிறார். கூட வரும் என் மகளுக்குச் சிரிப்பு தாங்காது. வீட்டுக்காரர் அதற்கும் மேலே. ஆபீஸிலிருந்து வர நேரமாகிவிட்டால், நான் வாயைத் திறக்கும் முன்பே செருப்பைக் கழற்றியபடி நெற்றியை நீட்டுகிறார்.