அம்மாவின் ரத்தம் நார்மல்

மதிப்பிற்குரிய கோழி டாக்டர் கோகுல்ராஜ் அவர்களுக்கு, புதுச்சத்திரம் கோழிப்பண்ணை அப்புசாமியின் மகள் பிரவீனா வணக்கத்துடன் எழுதுவது.

எங்கள் அம்மாவின் மாத்திரையை நிறுத்தியது நீங்கள்தான். மற்றபடி இங்கே கோழிகள் எல்லாம் சௌக்கியம். உங்கள் வீட்டிலும் அனைவரும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

போன சித்திரையில் எங்கள் இரண்டாவது ஷெட்டில் முட்டை குறைந்ததும், அப்பா போன் போட்ட ஒரு மணி நேரத்தில் வந்து நின்றீர்கள். தீவனம் பார்த்தீர்கள், தண்ணீர் பார்த்தீர்கள், ரத்தம் எடுத்து அனுப்பினீர்கள், கோயில் ஒலிபெருக்கிக்குக் கோழிகள் மிரண்டிருக்கின்றன, பயத்தில் சுரக்கும் ஹார்மோன் ஏறினால் முட்டை இறங்கும் என்றீர்கள். அப்பா அன்று மாலையே கோயிலில் சண்டை போட்டு ஒலிபெருக்கியின் வாயை மேற்கே திருப்பிவிட்டு வந்தார். ஒரு மாதம் வீட்டில் யாரும் தும்மக்கூட முடியவில்லை. ஆடியில் அம்மா சாப்பாட்டை விட்டாள், தூக்கத்தை விட்டாள், குளியலறை வாசலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். பத்து வாரம். யாரும் யாருக்கும் போன் போடவில்லை. பெரியம்மா மட்டும் வந்து, வேலை குறைந்தால் பொம்பளைக்கு இப்படித்தான் என்று சொல்லிவிட்டு இரண்டு அட்டை முட்டை வாங்கிக்கொண்டு போனார்.

நான்தான் அம்மாவை நாமக்கல்லுக்கு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனேன். தைராய்டு, பி12 எல்லாம் பார்க்கச் சொன்னார். அவற்றில் கோளாறு இருந்தாலும் மனம் இப்படிச் சோரும், ஆனால் அவை சரியாக இருந்தால் நோயே இல்லை என்று அர்த்தமில்லை, மூளைக்குள் நடக்கும் ரசாயனத்தைக் கையில் எடுத்த ரத்தத்தில் அளந்துவிட முடியாது என்று பொறுமையாகச் சொன்னார். அப்பாவுக்கு விளங்கியது ரத்தப் பரிசோதனைத் தாளில் இருந்த ஒரே சொல்: நார்மல். அதை லேமினேஷன் போட்டு டீக்கடைவரை கொண்டுபோனார்.

அவர் கெட்டவர் இல்லை. தெரிந்த வைத்தியத்தையெல்லாம் செய்தார். கோழிக்கு நீங்கள் எழுதிக்கொடுத்த டானிக்கை அம்மாவுக்கு மோரில் கலந்து கொடுத்தார். இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. ஷெட்டில் பதினாறு மணி நேரம் வெளிச்சம் வேண்டும் என்றீர்களாம். அம்மாவின் அறையில் டைமர் வைத்து டியூப்லைட் போட்டார். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கிடந்தாள். இத்தனைக்கும் நடுவில் நாமக்கல் டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை நான் விடாமல் கொடுத்தேன். ஐந்தாம் வாரம் ஒரு காலை தானாக எழுந்து தலை சீவி, எனக்கு உப்புமா கிண்டினாள். உப்பே இல்லை. இரண்டு தட்டுத் தின்றேன்.

அந்த வாரம்தான் நீங்கள் தடுப்பூசி போட வந்தீர்கள். அப்பா தாளை நீட்டினார். "எல்லாம் நார்மல்தானுங்களே அண்ணா, அப்பறம் எதுக்குங்க மாத்திரை" என்றீர்கள். ஒரு பேச்சுக்குச் சொன்னீர்கள். மாத்திரை அன்றே குப்பைக்குப் போனது. திடீரென்று நிறுத்தக் கூடாது என்று கத்தினேன். "இருவதாயிரம் கோழியக் காப்பாத்துனவருக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சுபோச்சா சாமி" என்றார் அப்பா. மறுபடி வாங்கி வந்தேன். டாக்டரே வேண்டாம் என்றுவிட்டாராமே என்று அம்மா வாயை மூடிக்கொண்டாள். இப்போது கஞ்சிக்கும் திறப்பதில்லை.

புதன்கிழமை வரும்போது ஷெட்டுக்குப் போகுமுன் வீட்டுக்குள் வாருங்கள். எனக்குத் தெரியாததைப் பேசிவிட்டேன், மாத்திரையைக் கொடுங்கள் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். கோழிக்குக் கிடைப்பது அம்மாவுக்கும் கிடைக்கட்டும், வேறொன்றும் கேட்கவில்லை. பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு அன்பு. உங்கள் கைராசி நீடிக்கட்டும்.

இப்படிக்கு,
பிரவீனா

பின்குறிப்பு: இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பதினோரு நாளுக்குப் பிறகு பேசினாள். "முட்ட நின்னுபோன கோழிய என்ன பண்ணுவீங்கன்னு அவரக் கேளு சாமி" என்றாள். கறிக்கு ஏற்றும் லாரி நேற்றுதான் முதல் ஷெட்டைக் காலி செய்துகொண்டு போனது, அவள் ஜன்னலில் பார்த்திருக்கிறாள். மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடுங்கள். புதன்கிழமைவரை காத்திருக்கவும் வேண்டாம். அவளுக்கு நான் என்ன பதில் சொல்வது, அதை மட்டும் உடனே சொல்லுங்கள்.