திரைக்குப் பின்னாலிருந்து பார்த்த அரையிறுதி

ஸெமராங் பூப்பந்து முகாமில் இருக்கும் அன்பு மகள் விதூரிக்கு, க்ளாட்டெனிலிருந்து அப்பா சுங்கோனோ எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் ஆறு கோழிகளும் நலம். அங்கே நீயும் உன் முழங்காலும் நலமாயிருக்க வேண்டுகிறேன். முகாமில் கைபேசியை வாங்கி வைத்துவிடுகிறார்களே, அதனால் தக்காளி லாரியில் வரும் மாமாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

தோற்றதற்காக அழாதே. அதைத்தான் முதலில் சொல்ல வந்தேன்.

உன் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் காட்டுகிறார்கள் என்றதும், நம் சின்னப் பெட்டியில் என் மகள் கொசு அளவுக்குத் தெரிவதா என்று ரோஷம் வந்து, இருப்பதிலேயே மலிவான புரொஜெக்டர் ஒன்றை வாங்கினேன். அட்டையில் ‘வீட்டுக்குள் திரையரங்கம்’ என்று போட்டிருந்தான், பகல் இரண்டு மணிக்கு ஒன்றும் தெரியாது என்று போடவில்லை. ஜன்னல், கதவு, ஓட்டு இடுக்கு எல்லாவற்றையும் சாரோங் கைலிகளால் அடைத்ததில் கூடியிருந்த பதினேழு பேரும் ஆவியில் வெந்தோம். கூடத்தின் நடுவில் படுக்கைவிரிப்பைக் கட்டி, வயாங் நிழற்கூத்துக்கு உட்காருகிற வழக்கப்படி விருந்தாளிகளை ஒரு பக்கமும் வீட்டாரை மறுபக்கமும் உட்கார வைத்தேன். புரொஜெக்டர் அவர்கள் பக்கம், நாங்கள் துணிக்குப் பின்னால். மரியாதை என்று ஒன்று இருக்கிறதே!

எழுத்து மங்கல், முகம் மங்கல், இருவருக்கும் சிவப்புச் சட்டை. சத்தமோ மின்விசிறி இரைச்சலில் போய்விட்டது. உன் இடக்கை மட்டும் இல்லாவிட்டால் பெற்ற எனக்கே உன்னைத் தெரிந்திருக்காது. அந்த இடக்கைக்காரி ஒவ்வொரு புள்ளியாக விட விட, எதிர்ப்பக்கத்தில் நம் பக்கத்து வீட்டுக் கஸ்மின் கூட்டம் கைதட்டுகிறது! நம் காபியைக் குடித்துக்கொண்டு!

“ஏன்யா கஸ்மின், மனுஷனாய்யா நீ?”

“நீ ஏன்யா உம் பொண்ணு அடிக்கிறப்பல்லாம் உச்சு கொட்டுற?”

“அவ எங்கய்யா அடிச்சா?”

கடைசிப் புள்ளி விழுந்த நிமிஷம் அம்மா அரிசிக் குக்கரைப் போட்டாள், மின்சாரம் தாங்காமல் மெயின் சுவிட்ச் விழுந்து வீடே இருட்டு. எனக்கு அழுகை வந்துவிட்டது கண்ணு. சின்ன வயசுல இடக்கை மரியாதையில்லன்னு உன்னைத் திட்டித் திட்டி மாத்தப் பாத்தேனே, விட்டுட்டேனே, மாத்தியிருந்தா ஜெயிச்சிருப்பியோன்னு மனசு கெடந்து அடிச்சுக்குது. அந்த ராசியில்லாத புரொஜெக்டரைக் கஸ்மின் தலையிலேயே கட்டிவிட்டு, இனி அவனோடு பேச்சில்லை என்று சொல்லிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஆண்டவன் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல மட்டையும் தரட்டும்.

அன்புடன்,
அப்பா

பின்குறிப்பு: மாமா லாரியைக் கிளப்பும்போது கஸ்மின் விசேஷத்துக்கு ஆக்குகிற மஞ்சள் சோற்றுத் தட்டோடு வந்து நிற்கிறான். “பொண்ணு இறுதிக்குப் போயிருக்கா, நீ என்னய்யா எழவு விழுந்தாப்ல உக்காந்திருக்க?” அம்மா விரிப்பின் பின்னால் போய் நின்று, முன்பக்கம் என்னை இடக்கையைத் தூக்கச் சொல்லி, வாசல் வெளிச்சத்தில் விழுந்த நிழலைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். பின்னாலிருந்து பார்த்தால் இடது வலதாகிவிடுமாம். ஆட்டம் முழுக்க நான் அந்த எதிராளிப் பெண்ணுக்காக வேண்டியிருக்கிறேன், நீ அதையும் மீறி ஜெயிச்சிருக்க! மேலே எழுதினது எதையும் படிக்காதே. புரொஜெக்டரைக் கஸ்மின் திருப்பித் தர மாட்டானாம், நாளைக்கு இறுதி ஆட்டம் அவன் வீட்டில்தான். எனக்கும் அம்மாவுக்கும் முன்பக்கம் பாய் போட்டாச்சு. இடக்கையாலேயே அடி, கண்ணு.