அமைதி இசைக்கு நிபந்தனையுடன் அனுமதி

ஒலிபெருக்கி வைக்க அனுமதி கேட்கும் மனுவில் ஒன்பதாவது கேள்வி, 'நிகழ்ச்சியின் தன்மை'. இதற்குத் திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று மூன்றே பதில்கள்தான் நம் மாவட்டத்தில் காலங்காலமாக உண்டு. 2012-ஆம் வருடம் கடற்கரை ஊரான இனயத்தைச் சேர்ந்த ஜெஃப்ரின் அந்த இடத்தில் 'அமைதி இசை' என்று எழுதிவிட்டான். வினை அங்கே தொடங்கியது.

அவன் எழுதியதில் பொய் இல்லை. அவனும் அபினும் கிட்டார், லிஜி கீபோர்டு. பாடகர் கிடையாது. ஒரு கம்பியைத் தட்டுவார்கள். அது ஓயும்வரை மூவரும் தங்கள் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிறகு யோசித்து இன்னொரு கம்பி. வெளிநாட்டில் இப்போது இதுதான் நடப்பு என்று அபின் சொன்னான். பதினோரு நிமிட உருப்படி ஒன்றுக்கு 'மழை வருமென்று நினைத்து வராமற்போன ஞாயிற்றுக்கிழமையின் பிற்பகுதி' என்று பெயர். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மழையே வந்துவிடும். ஆனாலும் ஒருநாள் அவர்கள் அறைக்கு வெளியே நின்று அதை முழுக்கக் கேட்டேன். ஏனென்று தெரியவில்லை, கண் கலங்கிவிட்டது.

அடுத்த புதன்கிழமை ஜெஃப்ரின் தோஹாவுக்கு விமானம் ஏறவேண்டும். அதற்குள் அப்பா சகாயம் ஒருமுறை இதைக் கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை. வீட்டில் வாசித்தால் அவர் பாதியில் எழுந்து வலை பார்க்கப் போய்விடுவார். மேடை போட்டால் மகனுடைய மானத்துக்காகவாவது முன்வரிசையில் இருப்பார்.

வட்டாட்சியர் அலுவலகத்தில் மனுவை வாங்கிய எழுத்தர் நேசமணி கண்ணாடியைக் கழற்றினார்.

"அமைதியா? எங்கடே பிரச்சினை?"

"பிரச்சினை ஒண்ணுமில்ல சார்."

"பிரச்சினை இல்லாத எடத்துல அமைதி எதுக்கு?"

"சத்தம் கொறவா இருக்கும், அதான் அப்படி எழுதினேன்."

"பின்ன ஒலிபெருக்கி எதுக்குடே?"

அரசாங்கம் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

அமைதி என்ற சொல் காகிதத்தில் வந்துவிட்டால் எடுக்கவேண்டிய கோப்பு ஒன்றுதான்: அமைதிப் பேச்சுவார்த்தை. அதற்கு இரு தரப்பு வேண்டும். ஒரு தரப்பு தயார். எதிர்த்தரப்பைத் தேடியதில், திருவிழாக்களுக்குப் பதினாறு பெட்டி ஸ்பீக்கர் கட்டும் ததேயுஸ் அகப்பட்டார்.

"சாரே, இந்தப் பிள்ளைங்க எனக்க மைக்செட்டத்தான் வாடகைக்கு எடுத்திருக்கு. எனக்கு இவங்களோட ஒரு பகையும் கெடையாது," என்றார் ததேயுஸ்.

"பகை இல்லேன்னா சமாதானம்னு நான் எப்படி எழுத? ஒப்பு போடும் வே," என்றார் வட்டாட்சியர் குமாரதாஸ்.

ததேயுஸ் எதிரியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, வெளியே வந்து ஜெஃப்ரினுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

அனுமதி நிபந்தனைகளுடன் வழங்கப்பட்டது. நாற்பது காவலர் பாதுகாப்பு. 'அமைதி காப்போம்' என்று பேனர். வட்டாட்சியர் தலைமையுரை. உரை போக மிஞ்சும் நேரத்தில் இசை.

வெள்ளிக்கிழமை மாலை, இத்தனை போலீசைக் கண்டதும் ஆலய மைதானத்தில் ஊரே திரண்டுவிட்டது. முன்வரிசையில் தேய்த்த வெள்ளைச் சட்டையில் சகாயம். குமாரதாஸ் அமைதியைப் பற்றி ஐம்பது நிமிடம் உரக்கப் பேசி, "இனி அமைதி" என்று முடித்து உட்கார்ந்தார்.

ஜெஃப்ரின் ஒரு கம்பியைத் தட்டிவிட்டுக் காத்திருந்தான்.

மேடையில் அமைதி நிலவினால், இருபத்தெட்டு வருட சர்வீஸில் குமாரதாஸ் அதற்கு ஒரே பொருளைத்தான் அறிவார். எழுந்தார். கைகளைக் கட்டித் தலைகுனிந்தார். வட்டாட்சியர் எழுந்தால் இன்ஸ்பெக்டர் எழவேண்டும். இன்ஸ்பெக்டர் எழுந்தபின் ஊர் உட்கார்ந்திருக்க முடியுமா? மொத்த மைதானமும் எழுந்து மௌன அஞ்சலி செலுத்தியது. மெல்லிய சோக இசை வேறு கேட்டதால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. பதினோரு நிமிடம் ஒரு இருமல்கூட இல்லை. சகாயம் கண்ணை இறுக மூடி, இறந்த ஆன்மாவுக்காக உதடு அசைய மன்றாடிக்கொண்டிருந்தார்.

கடைசி ஒலி அடங்கியது. நேரம் முடிந்துவிட்டது என்று இன்ஸ்பெக்டர் கைகாட்டினார். சகாயம் மேடையருகே வந்தார்.

"ஆராக்கும் மக்கா மரிச்சது? நான் நல்லா செபிச்சேன்."

ஜெஃப்ரின் கிட்டாரை உறையில் வைத்தான். "நமக்கு வேண்டப்பட்ட ஆளுதாம்ப்பா."

"பாவம். செரி, நீ வாசிச்சிட்டு பைய வா. எனக்கு நாளைக்குக் காலத்த கடலுக்குப் போணும்," என்று சொல்லி அவர் வீட்டுக்கு நடந்தார்.

நிகழ்ச்சி அசம்பாவிதம் ஏதுமின்றி நடந்து முடிந்ததாக மேலிடத்துக்கு அறிக்கை போயிற்று. புதன்கிழமை ஜெஃப்ரினும் போனான். தான் வாசித்தபோது ஊரே எழுந்து நின்றது என்று அங்கே அறையில் இருப்பவர்களிடம் சொல்கிறானாம். அதில் பொய்யில்லை. நம் ஊர் பதினோரு நிமிடம் வாயை மூடவேண்டுமென்றால் எவனாவது சாகவேண்டும்.

யாரும் சாகவில்லை என்று எனக்குத் தெரியும். சகாயத்துக்குப் பக்கத்து நாற்காலி என்னுடையது. அவர் காதில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மௌன அஞ்சலியில் பேசுவது மரியாதை இல்லையே என்று, நானும் தலைகுனிந்து நின்றேன்.